கப்பலை மறித்த கம்பி

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது வாசலின் மேற்பக்கத்தைத்தான். நிலைக்கு மேலே சுவரில் வெடிப்பு இருக்கிறதா, இருந்தால் அது நேராக ஏறுகிறதா, கல் கல்லாகப் படிபோலச் சரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைப்பேன். வீட்டுக்காரர் கதிரையை யன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டால், காற்று ஒத்துக்கொள்ளாது என்றோ வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்றோ சாட்டுச் சொல்லி அதை அறையின் நடுவுக்கு நகர்த்திக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற ஒருத்திக்கு இது வேண்டாத வேலை. தெரிந்தும் விட முடியவில்லை.

இந்தப் பயம் அப்பாவின் வீட்டில் தொடங்கியது. எனக்குச் சீதனமாகக் கொடுப்பதற்கென்று அப்பா உப்புவெளியில் சீமெந்துக் கல்லால் ஒரு வீடு கட்டியிருந்தார். கிடுகு வேய்ந்த வீடுகள் நிறைந்த அந்த ஒழுங்கையில் அதுதான் முதலாவது கல்வீடு. அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழியில் பெரிய புயல் அடித்தபோது, கல்வீடு தாங்கும் என்ற நம்பிக்கையில் அயலவர்களும் எங்களிடம் வந்து நின்றார்கள். காற்று கடற்பக்கத்திலிருந்து வந்தது. முன்கதவு திறந்துவிடாதபடி அப்பா அதில் தோளைக் கொடுத்து நின்றார். முதலில் வீட்டின் மூலை மேலிருந்து கீழாக விரிந்தது. மழைநீர் அந்த விரிவுக்குள்ளால் வந்து சுவரின் உட்புறத்தில் வழிந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு முன்சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. கதவுக்கு மேலே குறுக்கே உத்தரமாக வைத்திருந்த கொங்கிறீட் லிண்டல் இரண்டு பக்கமும் தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் அப்பாவின் தோளில் இறங்கியது.

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க அவரால் பிறகு முடியவில்லை. சாகும்வரை அவருடைய தலையை அம்மாதான் வாரிவிட்டார்.

புயல் ஓய்ந்து சில நாட்களுக்குப் பின் அந்த லிண்டலைப் போய்ப் பார்த்தேன். அது உடையவேயில்லை. வார்த்த அன்று இருந்த மாதிரியே மண்ணில் கிடந்தது. அதைப் பார்த்தபோது வந்த நடுக்கம் புயலின்போது வரவில்லை. லிண்டல் வலுவாகத்தான் இருந்திருக்கிறது. அதைத் தாங்கிய சுவர்கள்தான் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. நாலு சுவரையும் ஒன்றாகப் பிடித்து வைக்க அந்த வீட்டில் எதுவுமே இருக்கவில்லை. அதற்குள்தான் நாங்கள் இத்தனை பேர் பாதுகாப்பென்று நின்றோம்.

எழுபதுகளின் கடைசியில் அதே காணியில் எங்களுக்கென்று வீடு கட்டத் தொடங்கினேன். என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்தார், வருடத்துக்கு ஒரு முறை வருவார். கட்டுகிற பொறுப்பு என்னுடையது. அதுவரைக்கும் நானும் மகளும் மகனும் கணவரின் தமையன் வீட்டில், முன்னறையில் இருந்தோம். அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். துறைமுகத்தில் பாரம் தூக்குவதற்கு வடம் கட்டுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். குறைவாகத்தான் கதைப்பார். கதைத்தால் அந்தப் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். எங்களுக்கு அறையை விட்டுத் தந்துவிட்டு அவர்கள் இருவரும் பின்பக்கத்தில் படுத்தார்கள். என் பிள்ளைகளின் கட்டில் முன்னறையின் அகன்ற யன்னலுக்கு நேர் கீழே இருந்தது. கடற்காற்று வரட்டும் என்று பெரியத்தான்தான் அதை அங்கே போட்டுவைத்திருந்தார்.

மேசன் கிண்ணியாவைச் சேர்ந்தவர். விடியத் துறையில் படகேறிக் கடந்து பஸ் பிடித்து வருவார். நான் அவரை நானா என்பேன், அவர் என்னை ரீச்சர் என்பார். பெரியத்தானின் வீட்டைக் கட்டியவரும் அவர்தான். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

சுவரை விரியவிடாமல் எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் நான் பல மாதங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் புதிய மண்டபத்தின் கட்டட வேலையை மேற்பார்த்த ஓவசியரிடம் கேட்டேன். பெல்ட் போடச் சொன்னார். எல்லாச் சுவர்களின் மேலும் ஓரிடத்திலும் அறுபடாமல், மூலைகளில் கம்பியை வளைத்துக் கொண்டுபோய், வீட்டைச் சுற்றி ஒரே கொங்கிறீட்டாக வார்க்க வேண்டும். அதைக் கதவு யன்னலின் தலைமட்டத்தில் போட்டால் லிண்டலின் வேலையையும் அதுவே செய்துவிடும். சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே போட்டால் கூரையையும் சேர்த்துப் பிடிக்கும், ஆனால் கதவு யன்னலுக்குத் தனித்தனியே லிண்டல் வைக்க வேண்டிவரும். இரண்டு மட்டத்திலும் போடுவதற்கு என் கைக்குக் கட்டாது. அப்பாவின் வீட்டு மூலை உச்சியிலிருந்துதான் விரிந்தது என்பதை நினைத்து, உச்சியிலேயே போடுவதென்று முடிவு செய்தேன்.

நானாவுக்கு இது பிடிக்கவில்லை. தேவையில்லாத செலவு, தேவையில்லாத மினக்கேடு என்றார்.

“பிள்ளைக்குத்தான் ரீச்சர் அரைஞாண் கட்டுற. நீங்க வீட்டுக்குமா கட்டப் போறீங்க?”

“பிள்ளைக்கு ஏன் கட்டிறம் நானா?”

“கண்ணூறு படாம.”

“அப்ப இது காத்துப் படாம.”

வேலையாட்கள் சிரித்தார்கள். அன்று முழுவதும் நானா, அரைஞாணுக்கு வெள்ளி மணியும் கோக்கவேண்டுமா என்று கேட்டுக்கொண்டே கல் வைத்தார்.

பெல்ட் உச்சியில் என்று முடிவானதும் லிண்டல்கள் தேவைப்பட்டன. அவற்றைத் தான் தருவதாகப் பெரியத்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் நிலை வைக்கிற நாளுக்குக் குடும்பத்தில் மூத்தவர் ஏதாவது கொடுப்பது வழக்கம். சிலர் நிலைக்குப் பாலை மரம் கொடுப்பார்கள். பெரியத்தான் லிண்டல் கொடுத்தார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நாட்களில் தன் வளவில் பலகை அடித்து நாலு லிண்டல் வார்த்து, சாக்கு நனைத்து மூடி, நன்றாக இறுகிய பிறகு உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் காணியில் கொண்டுவந்து இறக்குவித்தார். பக்கங்கள் வழுவழுவென்று, விளிம்பெல்லாம் நேராக, அழகான வேலை.

உள்ளே என்ன கம்பி வைத்தீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும்.

உப்புவெளியிலும் சல்லியிலும் துறைமுகத்தைச் சுற்றியிருந்த ஊர்களிலும் அந்தக் கம்பியை வலைக்கம்பி என்பார்கள். உலக யுத்தகாலத்தில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் நுழையாமல் வெள்ளைக்காரன் துறைமுக வாயிலில் இரும்பு வலை கட்டியிருந்தான். அவனுடைய கடற்படை போன பிறகு அந்த வலையின் வடங்களும் அதுபோன்ற மற்ற வடங்களும் கழிவு இரும்பாக வெளியே வந்தன. பெருவிரல் தடிப்பு, பல இழை முறுக்கியது, துருப்பிடிக்காமல் இருக்க இழைகளுக்குள்ளெல்லாம் கொழுப்பும் தாரும் ஊறியிருக்கும். எங்கள் ஊரில் உடுப்புக் காயப்போடுகிற கொடியும் அதுதான், மாடு கட்டுவதும் அதில்தான், தோணியைக் கரையில் பிணைப்பதும் அதில்தான். இடையில் சில வருடங்கள் கட்டடக் கம்பிக்குக் கடுமையான தட்டுப்பாடு வந்தபோது, வீடு கட்டியவர்கள் லிண்டலுக்குள்ளும் அதையே வைத்தார்கள்.

பெரியத்தான் என் கேள்வியைக் குறையாக எடுக்கவில்லை. அதைவிடப் பலமான கம்பி இலங்கையிலேயே இல்லை என்பது அவருடைய எண்ணம்.

“கப்பலை மறிச்ச கம்பி பிள்ளை,” என்றார். “உன்ர நாலு கல்லை மறிக்காதோ?”

அந்தக் கதை அத்துடன் முடிந்தது. நான் அவருடைய வீட்டில் இருக்கிறேன், அவருடைய கிணற்றில் குளிக்கிறேன். லிண்டலை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து காணிக்குப் போகும்போதெல்லாம் அந்த நாலு லிண்டலையும் சுற்றிச் சுற்றி வந்தேன். கொங்கிறீட் இறுகிவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் பார்க்க முடியாது. முனைகளில் மட்டும் வெட்டிய வடத்தின் முகம் கறுத்த நாணயம் போலத் தெரிந்தது. அதை விரலால் தொட்டேன். விரலில் பிசுக்கு ஒட்டியது. கொங்கிறீட் கம்பியைக் கவ்விப் பிடிக்க வேண்டும், அதனால்தான் கம்பியில் எண்ணெய் படக்கூடாது என்று ஓவசியர் மண்டபத்து வேலையாட்களை ஏசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

நிலை வைக்கிற நாள் நெருங்கியது. ஒரு சனிக்கிழமை காலை நானாவிடம், இதில் ஒன்றைச் சோதித்துப் பார்ப்போம் என்றேன்.

“கல்லுக்குமா ரீச்சர் சோதினை? பாசாகாட்டிப் பிரம்பால அடிப்பீங்களா?”

சிரித்தபடிதான் வேலையைத் தொடங்கினார்கள். முன் யன்னலுக்கு வரவேண்டிய மிக நீளமான லிண்டலை, யன்னலின் அகலத்துக்கே இடைவெளி விட்டு, இரண்டு கல்லடுக்குகளின் மேல் ஏற்றி வைத்தார்கள். அதன்மேல் எதிர்காலத்தில் வரப்போகிற பாரத்தை மட்டும் ஏற்றும்படி சொன்னேன். நாலு வரி கல். வேலையாட்கள் சாந்தில்லாமல் அடுக்கினார்கள். நாலாவது வரியும் ஏறியது. லிண்டல் அசையவில்லை. கூரையின் பாரம் இன்னும் வரவில்லை என்றேன். நானா சாரத்தைச் சண்டிக்கட்டாக மடித்துக் கட்டிக்கொண்டு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

“கூரைக்கு நான் காணுமா ரீச்சர்? இல்ல, பொண்டாட்டியையும் கூட்டி வரவா?”

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. காய்ந்த ஓலையில் யாரோ கால் வைத்த மாதிரி. நானாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. கையை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு, மெல்ல இறங்கி விலகி வந்தார். லிண்டலின் நடுவில், கீழ்ப்பக்கத்தில், மயிரிழை போல ஒரு கோடு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரிந்தது. உள்ளே வடம் கறுப்பாகத் தெரிந்தது. அது அறுந்துவிடும் என்று நினைத்தேன். அது அறவில்லை. நான் முனையைப் பார்த்தேன். அங்கே தெரிந்த கறுத்த நாணயம், நத்தை ஓட்டுக்குள் போவதுபோல, மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு துளை மட்டும் மிஞ்சியது. பிறகு எல்லாம் ஒரேயடியாக நடுவில் சரிந்து விழுந்தது.

தூசி அடங்கியதும் தார் மணந்தது. வடம் ஒரு இழைகூட அறாமல், எண்ணெய் பூசிய பாம்புபோல, உடைந்த இரண்டு துண்டுகளுக்கும் நடுவே கிடந்தது.

 நானா குந்தியிருந்து துளைக்குள் சுட்டுவிரலை விட்டார், எடுத்துப் பார்த்தார், மண்ணில் துடைத்தார். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் வீடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். வலைக்கம்பி லிண்டலைத் தன் கையால் தூக்கி வைத்த வீடுகளை, ஒழுங்கை ஒழுங்கையாக.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ரீச்சர், நீங்க இரிக்கிற அண்ணன்ட வீட்டுக்கும் இதுதான்.”

அது எனக்கு ஏற்கெனவே விளங்கியிருந்தது. கல் சரிந்த கணத்தில் என் கண்ணில் தெரிந்தது அந்தக் காணி இல்லை, முன்னறைக் கட்டில்.

அந்த ஒழுங்கையில் நான் ஓடவில்லை. ஓடினால் கேட்பார்கள். வேகமாக நடந்தேன். முன்னறையில் மகள் கட்டிலில் குப்புறப் படுத்துக் கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். மகன் கட்டிலில் ஏறி நின்று, யன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தான். துள்ளும்போதெல்லாம் யன்னல் நிலை டக் டக்கென்று சுவரில் இடித்தது. சத்தம் போட எனக்குப் பயமாக இருந்தது. என் குரலுக்கே அது விழுந்துவிடும் போலிருந்தது. குசினிக்குப் போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வரும்படி இருவரையும் அனுப்பினேன். ஒருவருக்கு ஏன் இரண்டு பேர் என்று மகள் கேட்டாள். போ என்றேன்.

அவர்கள் போனதும் கதிரையில் ஏறி லிண்டலின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பல தடவை வெள்ளையடித்த சுண்ணாம்புக்குக் கீழே, நடுவில், ஒரு கோடு இருந்தது. அது கொங்கிறீட்டின் வெடிப்பா சுண்ணாம்பின் வெடிப்பா என்று சொல்ல முடியவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம் என்று கையைக் கொண்டுபோனேன், சுரண்டாமலே கையை எடுத்துவிட்டேன்.

கட்டிலை நடுவுக்கு இழுத்துப் போட்டேன். மழை தூவானம் அடிக்கும் என்று அக்காவுக்குச் சொன்னேன். அது வெயில் காலம். அக்கா வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

நானா அடுத்த நாள் கொஞ்சம் தைரியம் சொன்னார். சுவர் பழசாகும்போது கல் கல்லைப் பிடித்துக்கொள்ளும், லிண்டலுக்கு மேலே வளைவுபோல நின்று பாரத்தைத் தானே பக்கங்களுக்குக் கொண்டுபோகும், சின்ன வாசல்களில் நிலை மரமும் தாங்கும், அதனால்தான் இத்தனை வருடமாக ஒரு வீடும் விழவில்லை என்றார். அப்படியானால் பயமில்லையா என்று கேட்டேன். அவர் கரண்டியில் ஒட்டியிருந்த சாந்தைத் தட்டினார்.

“சுவர் ஆடாத மட்டும் பயமில்ல ரீச்சர்.”

சுவர் எப்போது ஆடும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாடைக்காற்றுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அந்த நாட்களில் நானா ஒழுங்கையால் வரும்போது ஒவ்வொரு வீட்டு முகப்பையும் அண்ணாந்து பார்த்தபடி வந்ததை நான் கண்டேன். ஒரு வீட்டிலும் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என்னவென்று போய்ச் சொல்வது? உங்கள் தலைக்கு மேலே இருப்பது விழலாம், விழாமலும் இருக்கலாம், இடித்துப் பார்க்காமல் தெரியாது என்றா?

பெரியத்தானுக்கு மட்டும் சொல்லியாகவேண்டும். இரண்டு நாள் வாய்க்குள்ளே வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் அவர் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். லிண்டல் உடைந்துவிட்டது, கம்பி பிடிக்கவில்லை, உருவிக்கொண்டு வந்துவிட்டது என்றேன். அவருடைய வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் குடித்து முடித்தார், சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு காணிக்கு நடந்தார். நான் பின்னால் போனேன்.

உடைந்த துண்டுகளை நானா அப்புறப்படுத்தாமல் விட்டிருந்தார். பெரியத்தான் குனிந்து வடத்தின் முனையைத் தூக்கினார். சால்வையின் தலைப்பால் அதைத் துடைத்து, இழைகளை விரல்களால் பிரித்துப் பார்த்து, திரும்ப முறுக்கினார். வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, கை தானாகச் செய்தது. பிறகு துளையைப் பார்த்தார். 

“நல்ல கம்பிதான்,” என்றார். வீட்டுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் என்னோடு கதைப்பது இன்னும் குறைந்தது. கோபம் என்று சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு வழக்கம்போல மாலையில் வடை வாங்கி வருவார். ஆனால் என்னைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்வார். கட்டில் அறையின் நடுவில் கிடந்ததை அவர் பார்த்திருந்தார். அது எதற்கென்று அவருக்கு விளங்காமல் இருக்க வழியில்லை.

என் வீட்டுத் திட்டத்தை மாற்றினேன். பெல்ட்டை உச்சியில் போடுகிற எண்ணத்தை விட்டுவிட்டுக் கதவு யன்னலின் தலைமட்டத்துக்கு இறக்கினேன். தனி லிண்டலே வேண்டாம், வாசல்களின் மேலும் சுவர்களின் மேலும் ஒரே பெல்ட். கொழும்பிலிருந்து ரயிலில் வந்த கம்பியை நானாவும் ஆட்களும் மண்போட்டுத் தேய்த்துத் துடைத்தார்கள். நான் சொல்ல முன்பே நானா மூலைகளில் கம்பியை வளைத்து அடுத்த சுவருக்குள் நீளமாகக் கொண்டுபோனார். ஒவ்வொரு மூலையிலும் ஒரு கம்பியை மேலே நிமிர்த்தி விட்டார், பிறகு கூரை மரத்தை அதோடு கட்டுவதற்கு. அரைஞாண் பகிடி வரவில்லை. வார்க்கிற அன்று கொங்கிறீட்டைத் தடியால் குத்திக் குத்தி இறக்கியபோது, அவர் ஒரு இடத்திலும் கையை ஓய விடவில்லை. கொங்கிறீட் இறுகியதும் அதன்மேல் நாலு வரி கல் எழும்பியது. கூரைக்கு மரம் வந்து சேரத் தாமதமாகியது. அதற்குள் கார்த்திகை பிறந்துவிட்டது.

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலியில் சொல்லத் தொடங்கிய அன்று நான் வகுப்பில் இருந்தேன். அதிபர் பள்ளிக்கூடத்தை மத்தியானத்தோடு மூடினார். கடற்கரையோரத்தில் இருப்பவர்கள் கட்டி முடிந்திருந்த புதிய மண்டபத்துக்கு வரலாம் என்றும் அறிவித்தார். வெளியே வந்தபோது காற்றே இல்லை.  அப்பாவின் வீடு விழுந்த மார்கழியிலும் முதலில் இப்படித்தான் இருந்தது. கடல் ஈயம்போலக் கிடந்தது, சல்லிப் பக்கத்துத் தோணிகளைத் தென்னைகளுக்கு அடியில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வலைக்கம்பியால்தான் கட்டினார்கள்.

பிள்ளைகளையும் அக்காவையும் பெரியத்தானையும் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதென்று வழியெல்லாம் வசனம் யோசித்தபடி வந்தேன். பெரியத்தான் வரமாட்டேன் என்றால் என்ன சொல்வது? இந்த வீடு விழும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? முற்றத்தில் மரத்தூள் கிடந்தது. உள்ளே வாள் அறுக்கிற சத்தம்.

முன்னறையில் பெரியத்தான் தென்னங்குற்றி ஒன்றை நிமிர்த்திக்கொண்டு நின்றார். யன்னல் கதவுகளை அடித்துச் சாத்தி, லிண்டலின் நடுவுக்கு நேர் கீழே குற்றியை நிறுத்தி, அடிக்குப் பலகை வைத்திருந்தார். கூடத்து வாசலிலும் பின்னறை வாசலிலும் ஏற்கெனவே குற்றி நின்றது. அவருடைய முதுகு நனைந்திருந்தது. நான் வாசலில் நிற்பதைக் கண்டதும் கை நின்றது.

“என்ன பெரியத்தான் செய்யிறியள்?”

“மழைக்கு உடுப்புக் காயப்போட இடமில்லையெண்டு உன்ர அக்கா புறுபுறுத்தவ,” என்றார். “கொடி கட்டப் போறன்.”

நான் லிண்டலை அண்ணாந்து பார்த்தேன்.

“அடியைப் பிடி பிள்ளை. வழுக்குது.”

புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து குற்றியின் அடியைப் பிடித்தேன். லிண்டலுக்கு நேர் கீழே என் தலை இருந்தது. அவர் குற்றிக்கும் லிண்டலுக்கும் நடுவே மர ஆப்பை வைத்துச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். ஒவ்வொரு தட்டும் என் உச்சந்தலையில் இறங்கியது. இன்னொரு தட்டு வேண்டுமா வேண்டாமா என்று அவரும் பயந்துகொண்டுதான் அடித்தார், அது கைக்குத் தெரிந்தது. இறுக்கிவிட்டு ஆப்பைக் கையால் பிடித்து அசைத்துப் பார்த்தார். அது கொஞ்சம் அசைந்தது. அதற்கு மேல் அடிக்க அவருக்கு மனம் வரவில்லை. இவ்வளவு காணும் என்றார்.

பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போ என்றார். நீங்களும் வாங்கோ என்று கேட்டேன். இரண்டாம் முறையும் கேட்டேன்.

“நான் கட்டின வீடு,” என்றார். “நான் நிக்கிறன்.”

அக்கா அழுதார். பெரியத்தான் அசையவில்லை. காற்று தொடங்கியபோது நாங்கள் ஒழுங்கையின் முனையில் இருந்தோம். திரும்பிப் பார்த்தேன். முன்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் நாங்கள் இருந்த நேரத்தைப் பற்றி அதிகம் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அன்றைய என் நாட்குறிப்பில் காற்றின் திசை மட்டும் இருக்கிறது. ஓடுகள் பறக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா என் கையைப் பிடித்தார். நான் மண்டபத்துச் சுவரின் உச்சியில் ஓடிய பெல்ட்டைக் கண்ணால் பின்தொடர்ந்தபடி இருந்தேன். ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு. எங்கேயும் அறுபடவில்லை. ஆனால் அதன் கீழே இருந்தவள் நான். பெரியத்தான் அங்கே, கதவில் தோளைக் கொடுத்துக்கொண்டு நிற்பாரோ என்று நினைத்தேன். அப்பாவின் கை மனதில் வந்துகொண்டேயிருந்தது.

புயலின் வேகம் முழுவதும் எங்களுக்குத் தெற்கே போய்விட்டது. எங்களுக்கு வந்தது அதன் ஓரம்தான். அந்த ஓரமே எங்கள் ஒழுங்கையில் மூன்று மரங்களைச் சாய்த்திருந்தது. விடிந்ததும் அக்காவும் நானும் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி வந்தோம். வீடு நின்றது. ஓடுகள் பல பறந்து உள்ளே முழுக்கத் தண்ணீர். பெரியத்தான் முன்னறையில் கதிரையில் இருந்தார், கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்தபடி. கதிரை அறையின் நடுவில் இருந்தது. அவருடைய கண்கள் சிவந்திருந்தன. தேத்தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

துறைப் படகு மறுபடி ஓடத் தொடங்கியதும் நானா வந்தார். கிண்ணியாவில் தன் வீட்டுக் கூரை போய்விட்டதைப் பிறகுதான் சொன்னார். முதலில் என் காணிக்குப் போய்ச் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பெல்ட்டில் ஒரு கீறலுமில்லை என்று சொல்லிக்கொண்டு பெரியத்தான் வீட்டுக்கு வந்தார். குற்றிகளைக் கண்டார். முன்னறைக் குற்றிக்குக் கிட்டப் போய் ஆப்பைக் கையால் பிடித்து அசைத்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினார். சுவரோடு ஒன்றாக வார்த்ததுபோல இறுகி நின்றது.

பெரியத்தானும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். கடைசி ஆப்பை வைத்தபோது அது கையில் அசைந்ததை நாங்கள் இரண்டு பேரும்தான் கண்டவர்கள்.

“மரம் ஈரத்துக்கு ஊதியிருக்கும்,” என்றேன்.

“இரிக்கலாம்,” என்றார் நானா. குரலைத் தாழ்த்தினார். “மேல இருந்து பாரம் இறங்கியும் இரிக்கலாம். கழட்டிப் பாத்தாத்தான் தெரியும் ரீச்சர்.”

சுத்தியல் அவர் கையில் இருந்தது. அவர் பெரியத்தானைப் பார்த்தார். பெரியத்தான் குற்றியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், காய்ச்சல்காரரின் நெற்றியைப் பார்ப்பதுபோல.

“நிக்கட்டும்,” என்றார்.

அன்று மத்தியானமே முன்னறைக் குற்றிக்கும் கூடத்துக் குற்றிக்கும் நடுவே கொடி கட்டி, அக்காவின் சேலை ஒன்றைத் தானே பிழிந்து காயப்போட்டார்.

அடுத்த சித்திரையில் நாங்கள் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தோம். இங்கே சுவரில் படம் மாட்ட ஆணி அடித்தால் ஒரு மட்டத்தில் ஆணி மடங்கும். அது பெல்ட் ஓடுகிற இடம். மடங்கிய ஆணியைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். ஆனால் வாரத்தில் ஒருநாளாவது பெரியத்தான் வீட்டுக்குப் போகிறேன். அந்தக் குற்றிகள் இன்னமும் நிற்கின்றன. வருகிறவர்கள் அவற்றைச் சுற்றித்தான் நடக்கிறார்கள். நான் அக்காவோடு கதைத்துக்கொண்டே, ஒருவரும் பார்க்காத நேரத்தில், முன்னறை ஆப்பைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்ப்பேன். ஈரமெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டது. அது இன்னும் இறுகித்தான் இருக்கிறது.